இரண்டாம் மொழி எழுத்தும் ஆசிரியர் திருத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மாணவர் எழுதிய கட்டுரையை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தித் தருவது மொழி வகுப்பின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. இவ்வழக்கம் பயன் தருகிறதா என்னும் வினா நெடுங்காலம் எழுப்பப்படவேயில்லை. திருத்துவது ஆசிரியரின் கடமை, திருந்துவது மாணவரின் கடமை என்பது எல்லாராலும் ஏற்கப்பட்ட நிலையாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் மொழி கற்றல் தனி ஆய்வுத் துறையாக வளர்ந்தபோதுதான் இந்நிலை ஐயத்திற்கு உள்ளாயிற்று. 1996இல் அவ்வையம் வெளிப்படையான எதிர்ப்பாக மாறியது. அதன்பின் நடந்த விவாதம் மொழி கற்பித்தல் ஆய்வில் மிக நீண்ட விவாதங்களுள் ஒன்றாகும்.

இவ்விவாதம் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் வாரம் ஒரு கட்டுரை எழுதச் செய்து, ஒவ்வொன்றையும் வரிவரியாகத் திருத்தும் ஆசிரியரின் மாலைப்பொழுதுகள் அனைத்தும் இப்பணியில் கழிகின்றன. அவ்வுழைப்பு வீண் என்றால் அதை வேறு வழியில் செலவிட வேண்டும். பயன் உண்டு என்றால் எவ்வகைத் திருத்தம், எப்பிழைக்கு, எந்நிலை மாணவருக்குப் பயன்படுகிறது என்பது தெளிவாக வேண்டும். எழுத்துவழித் திருத்தம் பற்றிய கருத்துகள் வளர்ந்த முறையைக் கால வரிசையில் காட்டி, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர்க்கு அவ்வரலாறு உணர்த்துவது யாது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பழக்கமும் பிழையச்சமும்

1940களிலும் 1950களிலும் அமெரிக்காவில் மொழி கற்பித்தலை ஆண்ட கோட்பாடு நடத்தையியல் சார்ந்தது. மொழி என்பது பழக்கங்களின் தொகுதி. சரியான வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பயில்வதால் பழக்கம் உருவாகிறது. தவறான வடிவத்தை ஒருமுறை விட்டுவைத்தாலும் அது தீய பழக்கமாக வேரூன்றிவிடும் என்று கருதப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஃப்ரீஸ் 1945இல் வெளியிட்ட நூலும், அவர் வழிவந்த ராபர்ட் லேடோ 1957இல் வெளியிட்ட நூலும் இக்கருத்துக்கு அடித்தளம் அமைத்தன. கற்பவரின் தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கண்டறிந்தால் பிழைகளை முன்கூட்டியே கணித்துத் தடுக்கலாம் என்பது லேடோவின் துணிபு. இதுவே உறழ் ஆய்வு எனப் பெயர் பெற்றது. 1960இல் நெல்சன் புரூக்ஸ் பிழையைப் பாவத்தோடு ஒப்பிட்டார். முற்றிலும் தவிர்க்க இயலாததாயினும் எந்நேரமும் எதிர்க்கப்பட வேண்டியது என்பது அவ்வொப்புமையின் கருத்து.

இச்சூழலில் திருத்தத்தைப் பற்றித் தனியாக ஆராய இடமில்லை. பிழை தோன்றிய உடனே நீக்கப்பட வேண்டும் என்பதே விதி. மாணவர் தம் கருத்தைத் தாமே கட்டமைத்து எழுதுவது பிழைக்கு வாயில் திறப்பதாகக் கருதப்பட்டதால், கோடிட்ட இடத்தை நிரப்புதல், மாதிரி வாக்கியத்தை மாற்றி எழுதுதல் போன்ற கட்டுப்பாடுள்ள பயிற்சிகளே எழுத்து எனப்பட்டன.

3. பிழையும் தவறும்

இந்நிலையை மாற்றியவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிட் கார்டர். கற்போரின் பிழைகளுடைய முதன்மை பற்றி அவர் 1967இல் எழுதிய கட்டுரை பிழை ஆய்வு என்னும் துறைக்குத் தொடக்கமாக அமைந்தது. களைப்பாலோ கவனக்குறைவாலோ நேர்வது தவறு. அதைக் கற்பவர் தாமே கண்டு நீக்கிக்கொள்வார். கற்பவரின் மனத்தில் அப்போது அமைந்துள்ள இலக்கணத்திலிருந்து ஒழுங்காகப் பிறப்பது பிழை. அது அவருக்குப் பிழையாகவே தோன்றாது. இவ்வேறுபாட்டை நிறுவிய கார்டர், பிழை மூவர்க்குப் பயன்படுகிறது என்றார். மாணவர் எவ்வளவு தொலைவு வந்துள்ளார் என்பதை ஆசிரியருக்கும், மொழி எவ்வாறு கற்கப்படுகிறது என்பதை ஆய்வாளருக்கும் அது காட்டுகிறது. கற்பவருக்கோ தம் கருதுகோளைச் சோதித்துப் பார்க்கும் கருவியாக அமைகிறது.

அக்கட்டுரையில் மற்றொரு கருத்தும் உள்ளது. சரியான வடிவத்தை ஆசிரியர் உடனே எழுதித் தருவது எப்போதும் சிறந்த திருத்தமாகாது. அது கற்பவர் வேறு கருதுகோள்களைத் தாமே சோதிக்கும் வழியை அடைத்துவிடக்கூடும் என்கிறார் கார்டர். பின்னாளில் நேரடித் திருத்தம், மறைமுகத் திருத்தம் எனப் பிரித்துப் பேசப்பட்ட சிக்கலின் வித்து இங்கேயே காணப்படுகிறது.

1972இல் லேரி செலிங்கர் இடைமொழி என்னும் கருத்தை முன்வைத்தார். கற்பவர் எழுதுவது குறைபட்ட இலக்கு மொழி அன்று, தனக்கென ஒழுங்குடைய ஒரு மொழி அமைப்பு என்பது அதன் சாரம். இதனை ஒரு தமிழ்ச் சான்றால் விளக்கலாம். இந்தி பேசும் ஒருவர் 'நான் இந்தப் பாடலைப் பிடிக்கிறேன்' என்று எழுதினால், அதை இந்தியின் தாக்கம் என்று கூற இயலாது. இந்தியிலும் இவ்விடத்தில் 'எனக்கு' என்பதற்கு ஈடான நான்காம் வேற்றுமை வடிவமே வரும். எழுவாய் முதல் வேற்றுமையில் வரும், செயப்படுபொருள் 'ஐ' உருபு ஏற்கும், வினை எழுவாயோடு இயையும் என்று தமிழில் தாம் கற்ற பொதுவிதியை அவர் 'பிடிக்கும்' என்னும் வினைக்கும் விரித்துள்ளார் என்றே கொள்ள வேண்டும். இப்பிழை அவர் விதியைக் கற்றுக்கொண்டார் என்பதற்கும், விதியின் எல்லையை இன்னும் அறியவில்லை என்பதற்கும் ஒருசேரச் சான்றாகிறது.

பிழையைப் பற்றிய பார்வை மாறியதும் திருத்தம் பற்றிய வினாக்கள் எழுந்தன. ஜேம்ஸ் ஹென்ட்ரிக்சன் 1978இல் அவற்றை ஐந்தாக வகுத்தார். பிழைகளைத் திருத்த வேண்டுமா? எப்போது திருத்துவது? எவற்றைத் திருத்துவது? எவ்வாறு திருத்துவது? யார் திருத்துவது? இன்றளவும் ஆய்வுகள் இவ்வைந்து வினாக்களையே சுற்றி வருகின்றன.

4. பெங்களூர்த் திட்டம்

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு கற்பித்தல் சோதனையை நடத்தினார். பெங்களூரில் இருந்த வட்டார ஆங்கில நிறுவனத்தோடு தொடர்புடையதாதலால் இது பெங்களூர்த் திட்டம் எனப் பெயர் பெற்றது. சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் வகுப்புகளும் இதில் அடங்கும். மாணவரின் கவனம் பொருளின்மேல் நிற்கும்போதுதான் இலக்கண அறிவு உருவாகிறது என்பது இதன் அடிப்படை. எனவே இலக்கணப் பாடம் நீக்கப்பட்டு, தொடர்வண்டி அட்டவணையைப் படித்து விடை காணல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற செயல்கள் வைக்கப்பட்டன.

திருத்தம் பற்றிப் பிரபு கொண்ட நிலை நுட்பமானது. 1987இல் வெளிவந்த தம் நூலில் அவர் திருத்தத்தை இருவகையாகப் பிரித்தார். செயலின் போக்கில் ஒரு பிழை குறுக்கிட்டால் அந்த ஓரிடத்தில் மட்டும் சரியான வடிவத்தைத் தந்துவிட்டு மேலே செல்வது தற்செயல் திருத்தம். பிழையைப் பொதுமைப்படுத்தி, விதி கூறி, அதே வகைப் பிழை மீண்டும் வராதிருக்கப் பயிற்சி தருவது முறைசார் திருத்தம். முன்னது ஏற்கப்பட்டது, பின்னது விலக்கப்பட்டது. ஆகவே பெங்களூர்த் திட்டத்தில் திருத்தமே இல்லை என்று சிலர் கூறுவது பொருந்தாது. திருத்தம் இருந்தது, அது பாடமாக மாறவில்லை. இவ்வேறுபாடு பின்வந்த விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை.

5. சிவப்பு மையைச் சோதித்தல்

1980களில் வகுப்பறைச் சோதனைகள் தோன்றின. அமெரிக்காவில் ஜெர்மன் கற்ற 60 மாணவரை ஜான் லலாண்ட் 1982இல் ஆராய்ந்தார். ஒரு குழுவுக்கு ஆசிரியர் சரியான வடிவத்தை எழுதித் தந்தார். மற்றொரு குழுவுக்குப் பிழையின் வகையைச் சுட்டும் குறியீடு மட்டும் இடப்பட்டது. மாணவர் தாமே திருத்தி, தம் பிழைகளைப் பட்டியலிட்டு வந்தனர். இரண்டாம் குழு முன்னேறியது. ஆயினும் திருத்தமே பெறாத குழு ஒன்று இச்சோதனையில் இல்லை.

1984இல் ஹாரியட் செம்கே ஜெர்மன் கற்ற 141 மாணவரை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார். சிவப்புப் பேனாவின் விளைவுகள் என்பதே அவர் கட்டுரையின் பொருள். பொருள் பற்றிய கருத்துரை மட்டும் பெற்ற குழுவைவிடத் திருத்தம் பெற்ற குழுக்கள் பிழையின்றி எழுதவில்லை. சரளமாக எழுதுவதிலோ கருத்துரை பெற்ற குழுவே மேம்பட்டது. 1986இல் ராப், ராஸ், ஷார்ட்ரீட் ஆகிய மூவர் ஜப்பானில் ஆங்கிலம் எழுதக் கற்ற 134 கல்லூரி மாணவரிடம் நால்வகைத் திருத்தங்களைச் சோதித்தனர். முழுமையாகத் திருத்தித் தருவது முதல், பிழைகளின் எண்ணிக்கையை ஓரத்தில் குறிப்பது வரை அவை அமைந்தன. முடிவில் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மிகுந்த நேரம் செலவிட்டு முழுமையாகத் திருத்துவது அந்நேரத்திற்கு ஈடான பயனைத் தரவில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை.

இவற்றிற்கு இடையே 1985இல் விவியன் ஸாமெல் வேறொரு கோணத்திலிருந்து பார்த்தார். மாணவரின் எழுத்தை விட்டு ஆசிரியரின் குறிப்புகளையே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆசிரியர்கள் மாணவரின் கருத்தைப் பிறழ உணர்கின்றனர். ஒரே வகைப் பிழையை ஓரிடத்தில் திருத்தி மற்றோரிடத்தில் விட்டுவிடுகின்றனர். பொருள் விளங்காத பொதுக்குறிப்புகளை எழுதுகின்றனர். முதல் வரைவையே முடிந்த படைப்பாகக் கொள்கின்றனர் என்று அவர் காட்டினார். திருத்தம் பயன் தராமைக்கு மாணவர் மட்டும் காரணம் அல்லர் என்பது இதனால் வெளிப்பட்டது.

6. டிரஸ்காட்டும் ஃபெரிசும்

இச்சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து, இரண்டாம் மொழி எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தம் கைவிடப்பட வேண்டும் என்று 1996இல் வாதிட்டவர் தைவானில் பணியாற்றிய ஜான் டிரஸ்காட். அவர் வாதம் மூன்று தூண்களின்மேல் நின்றது. முதலாவது, சான்றுகள் திருத்தத்தின் பயனைக் காட்டவில்லை. இரண்டாவது, இலக்கணக் கூறுகள் தமக்குரிய வரிசையில் படிப்படியாகக் கைவருபவை. ஆசிரியர் தரும் தகவல் அவ்வரிசையைக் குலைத்து நுழைவதில்லை. மூன்றாவது, நடைமுறையில் ஆசிரியர் பிழையைக் கண்டுகொள்வதும், அதை மாணவருக்கு விளங்க உணர்த்துவதும், மாணவர் அதை நினைவிற் கொண்டு பயன்படுத்துவதும் அரிது. இவற்றோடு, திருத்தம் தீங்கும் செய்கிறது என்றார். சிவப்பு மைக்கு அஞ்சும் மாணவர் சிறிய, எளிய வாக்கியங்களுக்குள் ஒதுங்கிவிடுகிறார். பிழை நேரக்கூடிய வடிவங்களைத் தவிர்க்கிறார். அதனால் கற்கும் வாய்ப்பையே இழக்கிறார்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த டேனா ஃபெரிஸ் 1999இல் இதற்கு மறுப்பு எழுதினார். பல்வேறு மாணவரிடம் பல்வேறு முறைகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டி முடிவு கூற இயலாது. தேர்ந்தெடுத்து, முதன்மை அறிந்து, தெளிவாகச் செய்யப்படும் திருத்தம் சில மாணவர்க்கேனும் உதவுகிறது. மாணவர் திருத்தத்தை விரும்புகின்றனர். அவர்கள் நுழையப்போகும் உலகம் பிழையைப் பொறுப்பதில்லை என்பன அவர் வாதங்கள். விதியால் விளக்கத்தக்க பிழை, விதிக்குள் அடங்காத பிழை என்னும் பாகுபாட்டையும் அவர் முன்வைத்தார். இதற்கு டிரஸ்காட் அதே ஆண்டில் மறுமொழி தந்தார். 2004இல் ஃபெரிசே நீண்ட கால, கட்டுப்பாட்டுக் குழு உள்ள ஆய்வுகள் மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொண்டு, அத்தகைய ஆய்வுகளை நடத்த அழைத்தார். ஒருவர் மறுக்க, மற்றவர் தம் வாதத்தின் குறையை ஏற்று அதை நிரப்ப முனைந்தது இவ்விவாதத்தின் சிறப்பு எனலாம்.

விவாதத்தின் நடுவே ஒரு நுட்பமான சிக்கல் தெளிவாயிற்று. ஃபெரிசும் ராபர்ட்சும் 2001இல் 72 மாணவரிடம் நடத்திய ஆய்வில், பிழைகள் சுட்டப்பெற்றோர் தம் கட்டுரையைச் சுட்டப்பெறாதோரைவிட நன்கு திருத்தினர். குறியீடு இட்டாலும் வெறும் கோடு இட்டாலும் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு வரைவைச் செப்பனிடுவது வேறு, மொழியைக் கற்பது வேறு. 2008இல் டிரஸ்காட்டும் ஹ்ஸூவும் நடத்திய ஆய்வில், கோடிட்டுச் சுட்டப்பெற்ற மாணவர் வரைவை நன்கு திருத்தினர். ஒரு வாரத்திற்குப் பின் எழுதிய புதிய கட்டுரையிலோ அவர்களுக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு இல்லை. ஆகவே திருத்தத்தின் பயனை அளக்க வேண்டிய இடம் திருத்திய படி அன்று, அடுத்த கட்டுரை என்பது உறுதிப்பட்டது.

7. குறுகிய நோக்கும் விரிந்த நோக்கும்

2005க்குப் பின் வந்த ஆய்வுகள் இவ்வளவுகோலை ஏற்றன. நியூசிலாந்தில் குடியேறிய 53 பேரை ஜான் பிட்சனரும் உடன் ஆய்வாளரும் 12 வாரங்கள் ஆராய்ந்தனர். எழுத்துவழித் திருத்தத்தோடு ஆசிரியருடன் நேரில் உரையாடும் வாய்ப்பும் பெற்றவர்கள் ஆங்கில இறந்தகால வடிவத்திலும் சுட்டு அடையிலும் முன்னேறினர். முன்னிடைச் சொற்களில் முன்னேற்றம் இல்லை. முதலிரண்டும் விதிக்குள் அடங்குபவை. மூன்றாவது பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் வேறுபடும் வழக்கு. ஃபெரிசின் பாகுபாட்டை இது வலுப்படுத்துகிறது. 2007இல் யங்ஹீ ஷீன் ஆங்கில அடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சரியான வடிவத்தோடு சிறு இலக்கண விளக்கமும் தருவது, வடிவத்தை மட்டும் தருவதைவிட நாள் கடந்தும் நிலைக்கிறது எனக் காட்டினார்.

ஓரிரு பிழைகளை மட்டும் குறிவைக்கும் ஆய்வு வகுப்பறையின் உண்மை நிலையைக் காட்டாது என்னும் குறை எழுந்தது. அதனை நீக்க, வான் பெனிங்கனும் உடன் ஆய்வாளரும் நெதர்லாந்தில் 268 பள்ளி மாணவரிடம் எல்லாப் பிழைகளையும் திருத்திச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டனர். திருத்தம் பெற்றோர் நான்கு வாரம் கழித்து எழுதிய புதிய கட்டுரையிலும் மேம்பட்டிருந்தனர். இலக்கணப் பிழைக்கு நேரடித் திருத்தமும், பிறவகைப் பிழைக்கு மறைமுகத் திருத்தமும் ஏற்றவையாக இருந்தன. திருத்தத்தால் மாணவர் எளிய வாக்கியங்களுக்குள் ஒதுங்குவர் என்ற டிரஸ்காட்டின் அச்சத்துக்கு அவ்வாய்வில் ஆதரவு கிடைக்கவில்லை. காங், ஹான் ஆகியோர் 21 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட மதிப்பீடும், திருத்தம் பயன் தருகிறது, ஆனால் அப்பயன் மாணவரின் மொழித்திறன், கற்கும் சூழல், எழுதும் வகை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகிறது என்ற முடிவுக்கே வந்தது.

8. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர்க்கு

மேற்கூறிய ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஆங்கிலம் பற்றியவை. சில ஜெர்மன், டச்சு பற்றியவை. அவற்றின் முடிவுகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் மைசூரில் தோன்றிய பின்னர், அதன் தென்மண்டல மொழி மையத்தில் பிற மாநில ஆசிரியர்கள் பத்து மாதம் தமிழ் பயின்று வந்துள்ளனர். இத்தகைய வகுப்பில் ஒரே நாளில் மலையாளம் பேசுபவரின் கட்டுரையும் இந்தி பேசுபவரின் கட்டுரையும் ஆசிரியர் மேசைக்கு வரலாம். அவற்றின் பிழைகள் ஒரே தன்மையன அல்ல.

மலையாளம் பேசுபவர் 'அவன் நேற்று வந்து' என்று வாக்கியத்தை முடிக்கக்கூடும். மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. அதன் இறந்தகால வினைமுற்று தமிழின் வினையெச்சத்தை ஒத்து ஒலிக்கிறது. இங்கு 'வந்தான்' என்று திருத்தி எழுதுவதோடு, தமிழில் 'வந்து' எச்சம், முற்றன்று என ஒரு வரி சேர்த்தால் ஒரு முழு விதியே விளங்கிவிடும். இது விதியால் விளக்கத்தக்க பிழை. 'கண்ணாடி உடைந்தது' என்று எழுதியவரிடம் இவ்விடத்தில் 'உடைந்துவிட்டது' என்பதே இயல்பு என்று விளக்குவது அத்தனை எளிதன்று. விடு, கொள், போடு முதலிய துணைவினைகள் பேசுவோரின் நோக்கைச் சார்ந்தவை. கோடிட்டுச் சுட்டினால் மாணவர் குழம்புவாரேயன்றித் தெளியார். இங்குச் சரியான வடிவத்தைத் தந்துவிட்டு மேலே செல்லும் தற்செயல் திருத்தமே தக்கது.

தமிழுக்கே உரிய சிக்கல் இரட்டை வழக்கு. பேச்சுத் தமிழை முதலிற் கற்ற மாணவர் கட்டுரையில் 'பண்றாங்க' என்று எழுதினால் அது கார்டர் கூறும் பொருளில் பிழையா? இலக்கணம் வழுவவில்லை, இடம் மாறியுள்ளது. இதற்கும் 'வந்து' என்னும் பிழைக்கும் ஒரே சிவப்புக் கோடு இட்டால், தாம் கற்ற பேச்சுத் தமிழே தவறானது என்று மாணவர் கொள்ள நேரும். இவ்விரண்டிற்கும் வேறு வேறு குறியீடு வேண்டும். வல்லினம் மிகும் இடங்களும் இத்தகையனவே. தமிழைத் தாய்மொழியாக உடையோரே இவற்றில் பெரிதும் வேறுபடுகின்றனர். தொடக்க நிலை மாணவரின் கட்டுரையில் விடுபட்ட ஒவ்வொரு ஒற்றையும் குறித்தால், வேற்றுமை மயக்கமும் வினை இயைபும் அக்குறிகளின் கூட்டத்தில் மறைந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்க்கும் இவ்வரலாறு தொடர்புடையது. தாய்மொழி அல்லாத மொழியில் மொழிபெயர்க்கும் தொடக்க நிலையாளரின் படியைச் செப்பனிடும் மூத்தவர், ஆசிரியரின் நிலையிலேயே இருக்கிறார். அச்சுக்கு வேண்டிய செப்பம் உடனடித் தேவை. அடுத்த மொழிபெயர்ப்பில் அதே பிழை வராதிருத்தல் நெடுங்காலத் தேவை. முன்னதற்கு எல்லாவற்றையும் திருத்தியாக வேண்டும். பின்னதற்குச் சிலவற்றை மட்டும் தேர்ந்து விளக்கியாக வேண்டும். இரண்டையும் ஒரே செயலாகக் கருதுவதால் பெரும்பாலும் முன்னது மட்டுமே நிகழ்கிறது.

9. முடிவுரை

பிழையைப் பாவமாகக் கண்ட காலத்தில் திருத்தம் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. பிழையைக் கற்றலின் சான்றாகக் கண்ட காலத்தில் திருத்தம் ஐயத்திற்கு உள்ளாயிற்று. அதன்பின் வந்த சோதனைகள் திருத்தத்தைக் கைவிடவுமில்லை, பழைய நிலைக்கு மீட்கவுமில்லை. பயன் தருகிறதா என்னும் வினா, எதற்கு, எவருக்கு, எவ்வாறு பயன் தருகிறது என்னும் வினாவாக மாறியுள்ளது. இம்மாற்றத்திற்கு டிரஸ்காட்டின் எதிர்ப்பே காரணம் என்பதை மறுத்தற்கில்லை. அவர் முடிவை ஏற்காதவர்களும் அவர் வகுத்த அளவுகோலால்தான் தம் ஆய்வை அளந்தனர்.

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்போரின் எழுத்தில் எப்பிழைகள் திருத்தத்தால் நீங்குகின்றன, எவை காலத்தால் மட்டுமே நீங்குகின்றன என்பதை அடுத்தடுத்த கட்டுரைகளை வைத்து ஒப்பிட்டுக் காண்பதற்கு வகுப்பேடுகளைக் காட்டிலும் சிறந்த தரவு இல்லை. ஆண்டிறுதியில் தூக்கி எறியப்படும் அவ்வேடுகளை நாளிட்டு வரிசையாகப் பாதுகாத்து வைப்பதே இவ்வாய்வுக்கு முதற்படியாகும்.